தாலாவின் பொறுப்பாளர்

அடெமார் லாரொண்டா இறந்த பதினோராம் நாள், திங்கட்கிழமை மதியம் மூன்றே காலுக்கு, அவருடைய முதல் திருத்தம் வந்து சேர்ந்தது. மொத்தம் பதினான்கு வரி நிரல். தாலா என்ற பழைய கம்ப்யூட்டரில் லீப் வருடத்தின் பிப்ரவரி மாதக் கணக்கு ஒரு நாள் பிசகுவதை அது சரிசெய்தது. அவருடைய தங்கை நெல்பா அப்போது சமையலறை மேசையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு லேப்டாப்பை இழுத்து வைத்து, அனுப்பியவர் பெயரைப் பார்த்தாள், பிறகு வரிகளைப் பார்த்தாள், பிறகு மறுபடியும் பெயரைப் பார்த்தாள். யாரோ விளையாடுகிறார்கள் என்று முதலில் நினைத்தாள். ஆனால் இப்படி ஒரு பிசகு இருப்பதே உலகத்தில் அண்ணனைத் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. வரிகளில் தவறு எதுவும் இல்லாததால் அதை ஏற்றுக்கொள்ளாமல் இருக்கவும் அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை. பூசணிக்காயை ஈரத்துணி போட்டு மூடிவிட்டு, நான்கு தெரு தள்ளியிருந்த அண்ணன் வீட்டுக்கு நடந்தாள்.

அண்ணி சுல்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பதினோரு நாள் விதவை. அழுது முகம் வீங்கியிருந்தது, ஆனால் அன்றைக்கு அவள் அழவில்லை.

"அண்ணி, அண்ணனோட மெஷினை யாராவது தொட்டாங்களா?"

"யாரு தொடுவா? அவர்தான் ரெண்டு மணிக்கு வந்து உக்காந்தாரு. அஞ்சு வரைக்கும் எந்திரிக்க மாட்டாரு போல. செத்ததுக்கு அப்புறமாவது கொஞ்சம் வெயில்ல நடப்பாருன்னு பாத்தேன்."

பின்கட்டு அறையில், வெங்காயச் சரங்கள் தொங்கும் உத்தரத்துக்குக் கீழே, தாலா ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் இருந்த பிரம்பு நாற்காலியின் இருக்கை ஓர் ஆள் உட்கார்ந்த மாதிரி குழிந்திருந்தது. ஆள் இல்லை. கீபோர்டின் விசைகள் ஒவ்வொன்றாக இறங்கி ஏறின, இரண்டே விரலால் தட்டுகிறவர்களின் நிதானத்தில். பக்கத்தில் சுல்மா வைத்திருந்த மாத்தே மூலிகைப் பானக் குடுக்கையிலிருந்து, அடியில் மிச்சமிருக்கும் கஷாயத்தை உறிஞ்சும் சத்தம் ஒருமுறை வந்தது. நெல்பா கதவைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். பிறகு வீட்டுக்குப் போய் அந்தப் பதினான்கு வரியை ஏற்றுக்கொண்டு, வழக்கம்போல் கீழே "நன்றி" என்று எழுதினாள்.

தாலா என்பது அந்தப் பக்கத்து முள்மரம் ஒன்றின் பெயர். எண்பத்தேழாம் வருடம் மொந்தெவிதேயோவில் ஒரு தகரக் கொட்டகையில் ஏழு பேர் சேர்ந்து கிடைத்த பாகங்களை வைத்து நானூற்றுப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களைச் செய்து, அவற்றுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். ஏழு பேரில் அடெமார் ஒருவர். ஐந்து வருடத்தில் கம்பெனி மூடியபோது ஒன்றைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்து, ஆறு மணி நேரம் வடக்கே பயணம் செய்து புவெர்தோ சௌசாலுக்குக் கொண்டுவந்தார். நெல்பா அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பல்கலைக்கழக நண்பர்கள் மூன்று பேரோடு சேர்ந்து அவள் ஒரு நிரல்மொழியை உருவாக்கியிருந்தாள். ஆற்றில் கிடைக்கும் வரிக்கெளுத்தி மீனின் பெயரால் அதற்கு சுருபி என்று பெயரிட்டார்கள். அதன் மூலநிரலை யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். எது உள்ளே போக வேண்டும், எது போகக் கூடாது என்று முடிவு செய்பவள் நெல்பா. சுருபி எந்தெந்த இயந்திரங்களில் ஓடும் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. பட்டியலில் இருக்கும் எந்த இயந்திரத்திலாவது ஓடாத மாற்றம் மூலநிரலுக்குள் நுழையக் கூடாது, பொறுப்பாளர் ஒப்புக்கொள்ளாமல் எந்த இயந்திரத்தையும் பட்டியலிலிருந்து எடுக்கக் கூடாது என்று ஒரு விதி. முப்பது வயதில் நெல்பா தன் கையால் எழுதிய விதி அது. தாலாவின் பொறுப்பாளர் அடெமார்.

காலப்போக்கில் மற்றத் தாலாக்கள் செத்துப்போயின. தோல் பதனிடும் ஆலையில் இருந்ததை அமிலப்புகை அரித்தது, வானொலி நிலையத்தில் இருந்ததை இடி தாக்கியது, கிடங்கில் இருந்த இரண்டின் மீது கோழிகள் அடைகாத்தன. அடெமார் மாரடைப்பில் இறந்த அன்று உலகத்தில் மிச்சமிருந்தது அவருடைய பின்கட்டில் இருந்த அந்த ஒன்றுதான். அவர் இறந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு தங்கையைப் போனில் கூப்பிட்டிருந்தார், பரீட்சைத் தாள் நிறைய இருக்கிறது, சனிக்கிழமை வருகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள்.

எனவே அவர் திரும்பி வரத் தொடங்கிய பிறகு நெல்பா ஒரு சனிக்கிழமையைக்கூடத் தவறவிடவில்லை. இரண்டு மணிக்குத் தாள்களை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பின்கட்டில் ஒரு முக்காலியில் உட்காருவாள். அவர் தட்டுவார், அவள் திருத்துவாள். பள்ளிக்கூட வம்பு, ஆற்றில் நீர் எவ்வளவு, யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் எல்லாவற்றையும் சொல்வாள். அவர் பதில் சொன்னதில்லை. உயிரோடு இருந்தபோதும் அதிகம் சொன்னவர் இல்லை என்பதால் அவளுக்கு அது பெரிய குறையாகப் படவில்லை.

ஊரும் சீக்கிரமே பழகிக்கொண்டது. மின்மீட்டர் பார்க்க வரும் கசிமிரோ மதியத்தில் வந்தால் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவார். மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வந்த பெண் சற்றுநேரம் யோசித்து, வேலை பார்ப்பவர் என்ற கட்டத்தில் அடெமாரையும் சேர்த்து இரண்டு பேர் என்று எழுதிக்கொண்டாள். சுல்மாவின் அக்கா பிடிவாதமாகக் கூட்டிவந்த பாதிரியார் கால் மணி நேரம் விசைச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, இந்த மனிதர் யாரையும் பயமுறுத்தவில்லை, வேலைதான் செய்கிறார், இதில் நான் தலையிட ஒன்றுமில்லை என்று சொல்லி ஒரு மாத்தே குடித்துவிட்டுப் போனார். மின்சாரம் நின்றாலும் விசைகள் இறங்கி ஏறும். திருத்தம் மட்டும் மின்சாரம் திரும்பிய பிறகுதான் வரும். வெளிநாட்டில் இருந்த தன்னார்வலர்களுக்கும் ஒளிக்கவில்லை. ரெசிஃபேயில் இருந்த ஜுராந்திர் எழுதினான்: "உயிரோட இருக்குற பொறுப்பாளருங்களே மூணு மாசம் ஆனாலும் பதில் போட மாட்டேங்குறாங்க. இவரு எவ்வளவோ மேல்." ஒன்பது வருடத்தில் அடெமார் இருநூற்று ஆறு திருத்தங்கள் அனுப்பினார். அதில் திருப்பி அனுப்பப்பட்டவை நான்கு மட்டுமே.

ஆனால் தாலாவால் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்ய முடியும். அது செய்யப்பட்ட விதம் அப்படி. அதனால் சுருபியும் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். காலி என்ற வெளிநாட்டு நகரத்தில் இருந்த யமிலெத் என்ற பெண், ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கவனிக்கும்படி சுருபியின் அடிக்கட்டையே மாற்றி எழுதி அனுப்பினாள். அடெமார் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்த சமயம். நல்ல வேலை, கண்ணும் கருத்துமாகச் செய்திருந்தாள். நெல்பா பார்த்துவிட்டு, தாலாவில் ஓடவில்லை என்று பதில் போட்டாள். யமிலெத் மாற்றி அனுப்பினாள். தாலாவில் ஓடவில்லை. மூன்று வருடத்தில் நான்கு தடவை அனுப்பினாள், நான்கு தடவையும் நெல்பா அந்த இரண்டு சொற்களையே எழுதினாள். விதி அவள் பக்கம் இருந்ததால் யாரும் அவளோடு சண்டைக்கு வரவில்லை.

புவெர்தோ சௌசாலின் வெள்ள எச்சரிக்கை சுருபியில்தான் எழுதப்பட்டிருந்தது. ஆற்றின் மேல்பகுதியில் பதினொரு இடத்தில் நீர்மட்டம் அளக்கும் கருவிகள் இருந்தன. நிரல் ஒவ்வொன்றிடமும் வரிசையாகக் கேட்கும், ஒன்று பதில் சொன்ன பிறகு அடுத்ததிடம் போகும். அடெமார் இறந்த ஒன்பதாம் வருடம் ஜூலையில், ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றே முக்காலுக்கு, மிதந்து வந்த ஒரு மரம் மூன்றாவது கருவியை மோதி உடைத்தது. நிரல் அதனிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தது. அதற்குப் பிந்தைய எட்டுக் கருவிகளும் நீர் ஏறுகிறது ஏறுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்ததை அது கேட்கவில்லை. நாற்பத்து மூன்று நிமிடம் கழித்து நகராட்சிக் குமாஸ்தா ஒருவன் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துவிட்டுத் தன் கையால் அபாயச் சங்கை ஒலிக்க வைத்தான். தாழ்வான தெருக்களில் இருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடித் தப்பித்தார்கள். படித்துறைக் கொட்டகையில் மீன் விற்ற இடிலியோ ராச்செட்டி மட்டும் தராசை மேல்பலகைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து அலரித் தோப்பில் அவரைக் கண்டெடுத்தார்கள்.

யாரும் நெல்பாவைக் குற்றம் சொல்லவில்லை. விசாரித்தவர்கள் மரத்தை எழுதிக்கொண்டார்கள், மழையை எழுதிக்கொண்டார்கள், கருவிக்கு வேலி இல்லாததை எழுதிக்கொண்டார்கள். யமிலெத்திடமிருந்து மட்டும் ஒரு வரி வந்தது. "நான் முன்னாடி அனுப்பினதை மறுபடியும் அனுப்பட்டுமா அக்கா?" அந்த ஒரு வரிக்குப் பதில் எழுத நெல்பாவுக்கு மூன்று நாள் ஆயிற்று. அனுப்பு என்றாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனாள்.

மழை நாள் என்பதால் சுல்மா மாவு ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தாள். பின்கட்டில் விசைகள் தட்டிக்கொண்டிருந்தன. நெல்பா நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். சுல்மா எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"பட்டியல்ல இருந்து எடுத்துட்டா என்ன ஆகும்?"

"தாலாவுக்குன்னு எழுதினது அத்தனையும் போயிடும். அண்ணனுக்குத் திருத்த ஒண்ணும் இருக்காது."

"திருத்த ஒண்ணும் இல்லன்னா வருவாரா?"

"தெரியல அண்ணி."

"தெரியாமலே எடுக்கப் போறேன்னு சொல்லவா இவ்ளோ தூரம் மழையில வந்த?" கரண்டியைத் தட்டில் வைத்தாள். "உனக்கென்ன, வாரத்துல ஒரு நாள். எனக்குத் தினமும் மூணு மணி நேரம். உசுரோட இருந்தப்ப இந்த மனுஷன் ஒரு நாளும் சொன்ன நேரத்துக்கு வந்தது கிடையாது தெரியுமா?"

"இடிலியோ செத்துட்டாரு அண்ணி."

"ஆறு கொன்னுச்சு. என் வீட்டுக்காரரா போய் முக்கினாரு?"

"இல்ல. நான்தான். மூணு வருஷமா அந்தப் பொண்ணு அனுப்பிட்டே இருந்தா. அண்ணன் போயிடுவாரேன்னு நான்தான் வேணாம் வேணாம்னேன்."

பின்கட்டில் விசைச் சத்தம் நின்றிருந்தது. இருவரும் அதைக் கவனித்தார்கள். சுல்மா அடுப்பை அணைத்தாள். ரொட்டிகளை ஒரு துணியில் முடிந்து நெல்பாவின் கையில் திணித்து, "நீ போ," என்றாள். "இன்னிக்கு உன் முகத்தைப் பாக்க முடியல."

அடெமார் எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும், அல்லது மூலநிரல் பற்றிய விவாதங்களை எப்போதும்போல் படித்திருக்க வேண்டும். மறுநாள் அவர் நண்பகலுக்கே வந்தார். அடுத்த வாரம் காலை பத்துக்கு வந்தார். யமிலெத்தின் மாற்றத்தைத் தாலாவில் ஓடவைக்கப் பார்க்கிறார் என்பது முதல் முயற்சியிலேயே நெல்பாவுக்குப் புரிந்துவிட்டது. ஏழு வாரத்தில் இருபத்தொரு முயற்சிகள் வந்தன. தாலா சூடாகி, அதன் மேலே தொங்கிய வெங்காயங்கள் குருத்து விட்டன. சுல்மா ஈரத்துணி நனைத்து இயந்திரத்தின் முதுகில் போட்டுக்கொண்டே இருந்தாள். ஒன்பதாவது முயற்சியில் தாலா ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளைக் கவனித்தது. பதினேழாவதில் மூன்றைக் கவனித்தது. அதைப் பார்த்த அன்று நெல்பா பள்ளியிலிருந்து சிறுபெண் போல ஓட்டமும் நடையுமாக வந்தாள். ஆனால் அதற்குமேல் தாலாவின் நினைவகத்தில் இடமில்லை. பதினெட்டு, பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று எல்லாம் மூன்றிலேயே நின்றன. இடையில் ஆகஸ்டில் ஆறு ஒரு முறை ஏறி, படித்துறைப் படிகளை நனைத்துவிட்டு இறங்கியது. அன்று முழுக்க நெல்பா வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜுராந்திர் எழுதினான்: "டீச்சர், நான் குறை சொல்லல. இன்னும் எத்தனை மழைக்குக் காத்திருக்கப் போறோம், அதை மட்டும் சொல்லுங்க."

செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் மாலை ஐந்தரைக்கு சுல்மா நெல்பாவின் கதவைத் தட்டினாள். கையில் மீன் பொட்டலம் இருந்தது. உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்று பேசினாள்.

"டெல்மீராகிட்ட மீன் வாங்கப் போனேன். இடிலியோவோட வீட்டுக்காரி. இப்ப அவதான் கடையைப் பாத்துக்கறா. ரெண்டு மணிக்குக் கதவைத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கா. என்னைப் பாத்ததும் கேக்குறா, 'உங்க வீட்டுக்காரரு ரெண்டு மணிக்கு வர்றாராமே, ஊர்ல சொல்றாங்க. நானும் ரெண்டு மாசமா இந்த நேரத்துக்குக் கதவைத் தொறந்து வெக்கிறேன். கத்தியைத் தீட்டி வெச்சேன். தராசைத் துடைச்சு வெச்சேன். அவருக்குப் பிடிச்ச ஒயினையும் ஊத்தி வெச்சேன். வரலியே. நீங்க என்ன வெச்சீங்க?'ன்னு கேக்குறா நெல்பா. என்ன வெச்சீங்கன்னு."

நெல்பா வாசற்படிக்கு இறங்கி வந்தாள்.

"அஞ்சு மணி வரைக்கும் அவகூட உக்காந்திருந்தேன். யாரும் வரல." சுல்மா பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "எடுத்துடு. ஆனா அவர்கிட்ட சொல்லாம எடுக்காத. திருட்டுத்தனமா செய்யாத."

தாலாவுக்கென்று இருந்தது நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு வரி, இருபத்தேழு கோப்பு. நெல்பா ஒரு வாரம் எடுத்துக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாகக் குறித்தாள். ஒரே கட்டளையில் நீக்கியிருக்கலாம். அவள் ஒவ்வொரு வரியையும் படித்தாள். நிரலுக்கு நடுவே அடெமார் தனக்குத் தானே எழுதி வைத்த குறிப்புகள் இருந்தன. இந்த இடத்தில் தாலா இரண்டு முறை கூட்டுகிறது, ஏனென்று தெரியவில்லை, தொடாதீர்கள். இது அசிங்கமாக இருக்கிறது, மன்னிக்கவும். தொண்ணூற்று நான்காம் வருடத்துக் கோப்பு ஒன்றில், பாதியில் நின்ற ஒரு கணக்குக்குக் கீழே: மழை பெய்கிறது, சுல்மா ரொட்டி பொரிக்கிறாள், மீதி நாளைக்கு. மீதி மறுநாள் தேதியிட்டு அதற்குக் கீழேயே இருந்தது. நெல்பா அந்த இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டு, அதையும் குறித்தாள்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு லேப்டாப்போடு போய் முக்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி குழிந்திருந்தது. அவர் இருபத்திரண்டாவது முயற்சியில் இருந்தார்.

"அண்ணே," என்றாள். "போதும். மூணு வரைக்கும் கொண்டுவந்துட்டீங்க, அதையே யாராலயும் செய்ய முடியாது. ஆனா பதினொண்ணு வேணும். இப்ப நான் ஒண்ணு அனுப்பறேன். நீங்க பொறுப்பாளர், உங்க சம்மதம் இல்லாம தாலாவை எடுக்க முடியாது. அந்த விதியை எழுதினவளே நான்தான், என்னாலயே மீற முடியாது."

அனுப்பினாள். விசைகள் நின்றன. மாத்தே ஆறிப்போனது. அவர் ஏழு மணி வரை அப்படியே உட்கார்ந்திருந்ததாக சுல்மா பிறகு சொன்னாள். ஞாயிறும் வந்தார், தட்டவில்லை. திங்களும் அப்படியே. நாற்காலி மட்டும் இரண்டு மணிக்குக் குழிந்து ஏழு மணிக்கு நிமிர்ந்தது. சுல்மா அறைக்கு வெளியே கதவருகில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள், சட்டைக்குப் பொத்தான் தைத்தாள், வானொலியைத் தாழ்வாக வைத்துக்கொண்டாள். நெல்பா பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு இருந்தாள். இருவருக்கும் பழைய கோபம் போய்விட்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை மூன்று நாற்பதுக்கு விசைகள் மறுபடி தட்டின. நெல்பாவின் லேப்டாப்பில் பதில் விழுந்தது. தேதிகளுக்கான கோப்பில் ஒன்றும், சோதனைகளின் பட்டியலில் ஒன்றும் என்று இரண்டு இடத்தைச் சுட்டிக்காட்டி, இவற்றை விட்டுவிட்டாய், எடுப்பதென்றால் முழுசாக எடு, அரைகுறையாக விட்டால் பின்னால் வருகிறவர்கள் திண்டாடுவார்கள் என்று எழுதியிருந்தார்.

நெல்பா சத்தமாகச் சிரித்தாள். "அண்ணி, தப்பு கண்டுபிடிச்சிருக்காரு," என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஒன்பது வருடத்தில் அண்ணனுக்காக அவள் அழுதது அதுவே முதல் முறை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, இரண்டு இடத்தையும் சரிசெய்து திரும்ப அனுப்பினாள். ஐந்து நிமிடம் ஆனது. பிறகு ஒரு சொல் வந்தது: சரி.

சுல்மா எழுந்து வந்து நாற்காலியின் முதுகில் கை வைத்துக்கொண்டாள். நெல்பா ஏற்றுக்கொண்டாள். நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு வரியும் மூலநிரலிலிருந்து போயின. தாலாவின் திரையில் இருந்த எழுத்துகள் அப்படியே இருந்தன. சிறிது நேரத்துக்குப் பின், ஓர் ஆள் எழுந்திருக்கும்போது எழும் முனகலோடு பிரம்பு இருக்கை மெல்ல மேலே வந்தது.

"வெளிய தூறுது," என்றாள் சுல்மா, கையை எடுக்காமல். "குடையை எடுத்துட்டுப் போங்க."

சமையலறைக் கதவோரம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த கறுப்புக் குடை அதற்குப் பிறகு அங்கே இல்லை.

மறுநாள் யமிலெத்தின் மாற்றம் உள்ளே போனது. புதிய சுருபி வெளியானபோது அதோடு வந்த அறிக்கையின் நடுவில், எண் பதினாறாக, தாலா இயந்திரத்துக்கான ஆதரவு நீக்கப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. உலகத்தில் யாரும் அதனால் பாதிக்கப்பட்டதாகப் புகார் எழுதவில்லை. சுல்மா மூன்று வாரம் இரண்டு மணிக்கு மாத்தே வைத்தாள். அது ஆறியது, கொட்டினாள். நெல்பா சனிக்கிழமைகளில் போவதை நிறுத்தவில்லை. வாரம் முழுக்க அண்ணனிடம் இதைச் சொல்ல வேண்டும் அதைச் சொல்ல வேண்டும் என்று மனதில் சேர்த்து வைத்தவற்றை, யாரிடமும் சொல்லாமல் திரும்பக் கொண்டுபோனாள். நான்காவது வாரம் சுல்மா கல்லறைக் கல் செதுக்குபவனைக் கூப்பிட்டு, அடெமாரின் கல்லில் பழைய இறந்த தேதிக்குக் கீழே செப்டம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமையின் தேதியையும் வெட்டச் சொன்னாள். அவன் இரண்டாவது எண்கள் முதலாவதைப் போலவே ஆழமாக வேண்டுமா என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றாள்.

அக்டோபரில் ஆறு வந்தது. ஜூலையில் வந்ததைவிட ஒரு முழம் அதிகம். ஐந்தாவது கருவியும் எட்டாவது கருவியும் உடைந்தன, நிரல் அவற்றை விட்டுவிட்டு மற்ற ஒன்பதையும் ஒரே நேரத்தில் கேட்டது. காலை ஒன்பது மணிக்குச் சங்கு ஒலித்தது. தண்ணீர் தெருவுக்கு வந்தபோது மணி பதினொன்றே கால். அதற்குள் தாழ்வான தெருக்களில் ஒரு பூனைகூட இல்லை. டெல்மீரா தராசைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறி வந்தாள். சுல்மா அவளைப் பின்கட்டில் தங்க வைத்தாள். நாற்காலியையும் ஓடாமல் கிடந்த இயந்திரத்தையும் சுவரோரம் ஒதுக்கிக் கட்டில் போட்டார்கள்.

நெல்பா அங்கேதான் டெல்மீராவிடம் சொன்னாள். மூன்று வருடம் முன்னால் வந்த மாற்றம், நான்கு முறை திருப்பி அனுப்பியது, ஏன் திருப்பி அனுப்பினாள் என்பது, எல்லாவற்றையும் சொன்னாள். டெல்மீரா மடியில் வைத்திருந்த பட்டாணியை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"தெரியும்," என்றாள். "ஊர்ல எல்லாருக்கும் தெரியும். எங்கிட்ட சொல்ல வருவீங்களா மாட்டீங்களான்னு பாத்துட்டுதான் இருந்தேன்."

மீதிப் பட்டாணியையும் உரித்து முடித்தாள். பிறகு தோலைக் கூட்டி அள்ளியபடி சொன்னாள்: "எங்க அண்ணனா இருந்தா நானும் அப்படித்தான் பிடிச்சு வெச்சிருப்பேன். அது வேற. மன்னிச்சுட்டேன்னு மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீங்க டீச்சர். எனக்கு அது இன்னும் வரல."

"சரிங்க," என்றாள் நெல்பா.

டெல்மீரா ஒன்பது நாள் அந்த வீட்டில் இருந்தாள். சனிக்கிழமை இரண்டு மணிக்கு நெல்பா வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. டெல்மீரா கட்டிலிலும் சுல்மா கீழே பாயிலும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணி அந்த நேரத்தில் தூங்கி நெல்பா பார்த்ததில்லை. கதவைச் சாத்திவிட்டு, சமையலறையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள்களைத் திருத்தினாள்.

நவம்பர் இரண்டாம் தேதி ஊரே கல்லறைக்குப் போகும் நாள். வண்டல் இன்னும் காயாத பாதையில் மூன்று பெண்களும் நடந்து போனார்கள். டெல்மீரா இடிலியோவின் மேட்டுக்குப் பிரிந்து போனாள். சுல்மாவும் நெல்பாவும் அடெமாரின் கல்லைத் துடைத்து, வெள்ளைச் சாமந்தி வைத்துவிட்டுத் திரும்பினார்கள். அவர்கள் போன பிறகு, தாத்தாவின் கல்லறையைத் தேடி மொந்தெவிதேயோவிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் அந்தக் கல்லின் முன்னால் நின்றார்கள். பிறந்த தேதி ஒன்று, இறந்த தேதி இரண்டு, நடுவில் ஒன்பது வருடம். செதுக்கியவன் தவறு செய்துவிட்டானோ என்று கணவன் நினைத்தான். அந்தப் பக்கமாக வாளியோடு வந்த கல்லறைக் காவல்காரரை நிறுத்தி, இதில் எது சரி என்று கேட்டான்.

"ரெண்டும்தான்," என்றார் அவர். பிறகு, அவர்கள் செடியை மறைத்துக்கொண்டு நின்றதால், கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தண்ணீர் ஊற்றினார்.